எந்த டெஸ்ட் போட்டீங்க?

"நீங்க என்ன, கல்யாணத் தரகரா?" என்று கேட்டார் வழிகாட்டிப் பேராசிரியை.

கவுன்சிலரம்மா நிமிர்ந்து பார்த்தாள். காலை எட்டரைக்கு வந்து, பூட்டியிருந்த அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, இப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். கேள்வி காதில் விழுந்ததே தவிர மண்டையில் இறங்கவில்லை.

"இல்ல மேடம்," என்றாள் பொதுவாக.

"அப்புறம் ஏன் இந்த அறுபது பேரையும் ஜோடி சேர்த்து வச்சிருக்கீங்க?"

கவுன்சிலரம்மா என்றால் தேர்தலில் நின்றவள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்கும் கவுன்சிலர். தெருக்காரர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, சாக்கடை அடைப்புக்கும் எரியாத தெருவிளக்குக்கும் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். முதல் இரண்டு வருடம் விளக்கம் சொன்னாள். மூன்றாம் வருடத்திலிருந்து மனுவை வாங்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். அது சுலபமாக இருந்தது.

வயது நாற்பத்தாறு. இடது முழங்காலுக்கு மட்டும் அறுபது. பேராசிரியைக்கு முப்பத்தெட்டு. ஆறு வருடமாக இந்த முப்பத்தெட்டு அந்த நாற்பத்தாறைத் திருத்திக்கொண்டிருந்தது.

"ஜோடி டெஸ்ட் எப்ப போடணும்? ஒரே ஆள் ரெண்டு தடவை பரீட்சை எழுதியிருந்தா போடலாம். மருந்துக்கு முன்னாடி எப்படி இருந்தான், மருந்துக்குப் பின்னாடி எப்படி இருக்கான்னு பார்க்க. உங்களுக்கு அமைதியான ரூம்ல முப்பது பேர். போன் அடிக்கிற ரூம்ல வேற முப்பது பேர். முதல் ஆளுக்கும் முப்பத்தோராவது ஆளுக்கும் என்ன உறவு? மாமனா மச்சானா?"

"கம்ப்யூட்டர்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வரிசையா இருந்துச்சு மேடம். அதனால..."

"பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தா புருஷன் பொண்டாட்டியா?"

பேராசிரியை தாள் முழுக்கக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டார். கோடு போட்ட இடத்தில் கவுன்சிலரம்மாவின் ஆறு வருடத்து முடிவு இருந்தது: போன் அடிக்கிற அறையில் மனிதர்கள் அதிகமாகத் தவறு செய்கிறார்கள், சந்தேகமே இல்லை.

"சரியான டெஸ்ட் போட்டு எடுத்துட்டு வாங்க. பதினோரு நாள்தான் இருக்கு. ரெண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு. மூணாவது தடவை கேட்டா என்னைத்தான் கேட்பாங்க."

பதினோரு நாளில் தீசிஸ் போகாவிட்டால் பதிவு காலாவதி. திரும்ப முதல் வருடத்திலிருந்து. அந்த நினைப்பு வந்ததுமே முழங்கால் வலித்தது.

இந்த ஆராய்ச்சி பட்டத்துக்காகத் தொடங்கியதுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் அறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஒரு போன். நாள் முழுக்க அடிக்கும்; யாரும் எடுக்க மாட்டார்கள். எதிரே ஒரு பெண் குழந்தை வந்து உட்கார்ந்து, மூன்று வாரம் மென்று விழுங்கியதை ஒருவழியாக, "மிஸ், எங்க வீட்டுல..." என்று ஆரம்பிக்கும். போன் அடிக்கும். குழந்தை நிறுத்திவிடும். அடித்து ஓய்ந்த பிறகு, "ஒண்ணுமில்ல மிஸ்," என்று எழுந்து போய்விடும்.

"எனக்கு வேற ரூம் குடுங்க சார்," என்று தலைமையாசிரியரிடம் கேட்டாள்.

"போன் சத்தம் ஒரு தொந்தரவா? ஆதாரம் இருக்கா?" என்றார் அவர்.

ஆதாரம் தேடிப் புறப்பட்டவள்தான். ஆறு வருடம் ஆகிவிட்டது.

பரிசோதனை என்னவோ எளிமையானது. ஒரு தாள் நிறைய லகரமும் ளகரமும் ழகரமும் கலந்து கிடக்கும். பத்து நிமிடத்தில் ழகரத்தை மட்டும் தேடி வட்டம் போட வேண்டும். விட்டுப்போனதும் தவறு, மாற்றிப் போட்டதும் தவறு. கூட்டினால் மதிப்பெண்.

கஷ்டமெல்லாம் விதிகளில் இருந்தது. கலந்துகொள்பவர்களின் பெயரோ வயதோ கேட்கக்கூடாது, தாளில் எண் மட்டும்தான் என்றது ஆராய்ச்சி நெறிமுறைக் குழு. ஆராய்ச்சியாளரின் முகத்தைப் பார்த்து யாரும் பதறிவிடக்கூடாது என்றார் பேராசிரியை. ஆகவே அவள் ஒரு மரத்தட்டிக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தாள். அறிவிப்புக்குப் பதிவு செய்த குரல். ஆள் பிடித்துக் கூட்டி வருவது, நாற்காலியில் உட்கார வைப்பது, பக்கத்து அறைக்குப் போய் போனை அடிக்க விடுவது எல்லாம் துறை அட்டெண்டர் அண்ணன். முதல் மாதம் போன் வாங்க அனுமதி வரவில்லை என்பதால் அமைதியான முப்பது பேரை முடித்தார்கள். அடுத்த மாதம் போன் வந்தது. சத்தத்தில் முப்பது பேர். அறுபது பேருடைய நாற்காலிச் சத்தத்தையும் பேனாச் சத்தத்தையும் கேட்டிருக்கிறாளே தவிர ஒரு முகத்தையும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து, சரியான டெஸ்டைப் போட்டாள். தனித்தனி ஆட்களுக்கான டி-டெஸ்ட். எண் வந்தது.

நூற்றுக்குப் பதினொன்று.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். பதினொன்றுதான்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். நில அளவைத் துறையில் சர்வேயர். எதையும் அளந்துவிட்டுத்தான் கவலைப்படுவார்.

"பதினொண்ணு வந்திருக்குங்க. அஞ்சுக்குக் கீழே வரணும்."

"அந்த எண்ணு என்ன சொல்லுது?"

"நிஜத்துல ரெண்டு ரூமுக்கும் வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கங்க. அப்பவும் சும்மா அதிர்ஷ்டத்துல இவ்வளவு வித்தியாசம் வர்றதுக்கு நூத்துக்கு எத்தனை வாய்ப்புன்னு சொல்லும். அஞ்சுக்குக் கீழே இருந்தா ஒத்துக்குவாங்க. மேலே போனா வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியாது."

"அஞ்சுன்னு யார் முடிவு பண்ணாங்க?"

"தெரியலை. எல்லாரும் அஞ்சுங்கறாங்க."

சர்வேயர் மரியாதையோடு தலையாட்டினார். அவர் அலுவலகத்திலும் பல விஷயங்கள் அப்படித்தான்.

"போன வாரம் நூத்துக்கு ஒண்ணுகூட இல்லன்னு சந்தோஷமா சொன்னியே?"

"அது தப்பான டெஸ்டுங்க."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் கம்ப்யூட்டரை மூடினாள்.

மறுநாள் பேராசிரியை பதினொன்றைப் பார்த்துவிட்டு, "புள்ளியியல் துறைக்குப் போய்ப் பாருங்க," என்று கையைக் கழுவினார்.

புள்ளியியல் துறை வேறு கட்டடத்தில், மூன்றாவது மாடியில். லிப்டில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய அட்டையே பழுதாகித் தொங்கியது. அங்கிருந்த வாத்தியாரை மாணவர்கள் 'பெரும்புள்ளி' என்பார்கள். துறையும் அதுதான், உடம்பும் அதுதான். ஏறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளை அவர் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலிகளில் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன.

அவள் கொண்டுபோன மதிப்பெண் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இது எந்த டெஸ்டுக்குப் போட்டீங்க?"

"டி-டெஸ்ட் சார்."

"அதுக்கு இந்தப் படம் கோயில் மணியைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கணும். இது என்னம்மா, ஒட்டகம் படுத்திருக்கிற மாதிரி இருக்கு? இங்க பாருங்க, எல்லாரும் பத்து, இருபது தப்பு பண்ணியிருக்காங்க. இந்த ரெண்டு பேர் மட்டும் தனியா வாலு மாதிரி நிக்கறாங்க. பதினேழாம் நம்பர், அறுபத்தோரு தப்பு. நாப்பத்தேழாம் நம்பர், எழுபது. யார் இவங்க?"

"முகம் பார்க்கக்கூடாதுன்னு விதி சார்."

"நல்லதாப் போச்சு. டி-டெஸ்ட் வேண்டாம். எல்லாரையும் வரிசைப்படுத்தி ரேங்க் போட்டுப் பார்க்கிற டெஸ்ட் இருக்கு. மான்-விட்னி. அதைப் போடுங்க."

போட்டாள். எட்டு.

பதினொன்றிலிருந்து எட்டு. காய்ச்சல் இறங்குகிற மாதிரி ஒரு நிம்மதி. பேராசிரியையிடம் ஓடினாள். ஓடினாள் என்பது பேச்சுக்கு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள்.

"எட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் பேராசிரியை. "பதினோரு மார்க்கும் பெயிலு, எட்டு மார்க்கும் பெயிலு. அந்த ரெண்டு பேரைத் தூக்கிடுங்க."

"யாரை மேடம்?"

"அந்த வாலை. தூக்கிட்டு மறுபடி டி-டெஸ்ட் போடுங்க."

தூக்கினாள். போட்டாள். நாலே முக்கால்.

நாலே முக்காலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். மகள், "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டதற்கு, "நாலே முக்கால்," என்றாள். கல்லூரியில் படிக்கிற மகள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, ஆறரை," என்றாள்.

இப்போது தீசிஸ் முழுக்க அறுபதை ஐம்பத்தெட்டாக மாற்ற வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாள் ஏழுதான் இருந்தது. கம்ப்யூட்டரிடம், '60 வரும் இடமெல்லாம் 58 போடு' என்று ஒரே கட்டளை கொடுத்தாள். அது சொன்ன சொல் தட்டாத கம்ப்யூட்டர். ஒரு நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு நொடி ஆயிற்று. 1960-இல் நடந்த ஆய்வுகள் எல்லாம் 1958-க்குப் போய்விட்டன. முகவுரையில் தன் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளன்று இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியதாக எழுதியிருந்தாள். அவருக்கும் இரண்டு வயது குறைந்தது. அவர் ஒருவருக்குத்தான் இதில் லாபம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்தினாள்.

கணக்கு சரி என்று புள்ளியியல் துறையின் கையெழுத்து வேண்டும். மறுபடி மூன்று மாடி.

பெரும்புள்ளி பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"அறுபது பேர் இருந்தாங்களே?"

"ரெண்டு பேரை எடுத்துட்டேன் சார்."

"ஏன்?"

"ரொம்பத் தப்பு பண்ணிட்டாங்க சார்."

"தப்பை எண்றதுதானேம்மா உங்க ஆராய்ச்சியே?"

கவுன்சிலரம்மா தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லாம இருந்தாங்களா? தாளைத் தலைகீழா வச்சுக்கிட்டாங்களா? காரணம் ஏதாச்சும் இருக்கா?"

"தெரியாது சார். கைடு மேடம் தூக்கச் சொன்னாங்க."

"உட்காருங்க," என்று முதல் தடவையாகச் சொன்னார். ஒரு நாற்காலியிலிருந்து புத்தகங்களைத் தரையில் இறக்கினார். அவர் உட்காரச் சொன்னதே அவளுக்குக் கலக்கமாக இருந்தது. டாக்டர்கள் கெட்ட சேதி சொல்லும்போதுதான் அப்படிச் சொல்வார்கள்.

"இதுவரைக்கும் எத்தனை டெஸ்ட் போட்டீங்க?"

விரல் விட்டு எண்ணினாள். "ஜோடி டெஸ்ட் ஒண்ணு. அப்புறம் டி-டெஸ்ட். ரேங்க் டெஸ்ட். ரெண்டு பேரைத் தூக்கிட்டு இன்னொரு டி-டெஸ்ட். நடுவுல பயத்துல இன்னொண்ணு போட்டேன் சார், அதோட பேர் ஞாபகமில்லை."

"அஞ்சு. பிடிச்ச எண்ணு வர்ற வரைக்கும் டெஸ்டை மாத்திக்கிட்டே இருந்தா, எப்பவாச்சும் ஒண்ணு வந்துதானே தீரும்? அதனால அஞ்சு டெஸ்ட் போட்டவங்க எல்லைக்கோட்டை அஞ்சால வகுக்கணும். உங்களுக்கு இப்ப நூத்துக்கு அஞ்சு இல்ல. நூத்துக்கு ஒண்ணு."

"நாலே முக்கால் சார்!"

"ஒண்ணு."

"இன்னும் ஒரு டெஸ்ட் போட்டுப் பார்க்கட்டுமா?"

"போட்டா கோடு இன்னும் கீழே போகும்."

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, முயற்சி செய்யச் செய்யத் தூரமாகப் போகிற ஒரு கதவைக் கண்ணால் பார்த்தாள்.

பெரும்புள்ளி கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, வித்தியாசம் இல்லன்னு வந்தாலும் அது ஒரு முடிவுதான். அறுபது பேரையும் உள்ளே வைங்க. ரேங்க் டெஸ்டை வைங்க. எட்டுன்னு நேர்மையா எழுதுங்க. 'வித்தியாசம் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை'ன்னு முடிங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

பேராசிரியையும் கடைசியில் அதற்கே வந்தார். அவருக்கு வேண்டியது தீசிஸ் போய்ச் சேர வேண்டும். போன் தொந்தரவு என்று போனால் என்ன, தொந்தரவில்லை என்று போனால் என்ன.

நாலு நாள். ஐம்பத்தெட்டை மறுபடி அறுபதாக்கினாள், இந்தத் தடவை கையால். பிறகு முடிவுரையைத் திருப்பி எழுத உட்கார்ந்தாள். 'எடுக்கப்படாமல் ஒலிக்கும் தொலைபேசி மனிதர்களின் கவனத்தைப் பாதிப்பதாகக் கூற...' என்று எழுதினாள். அடுத்த அறையில் சர்வேயரின் போன் அடித்தது.

'...கூற...' என்று மறுபடி எழுதினாள். போன் அடித்தது. சர்வேயர் குளித்துக்கொண்டிருந்தார். நின்றது. பேனாவை எடுத்தாள். அடித்தது. 'கூற' என்ற சொல்லை மூன்றாம் தடவை எழுதிவிட்டதைப் பார்த்தாள்.

"யாராச்சும் அதை எடுங்களேன்! தலை வெடிச்சிடும் போல இருக்கு!"

துண்டோடு வெளியே வந்த சர்வேயர் அவள் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் படித்தார்.

"தொந்தரவு இல்லன்னா எழுதப் போறே?"

"தொந்தரவு இருக்குங்க. ஆதாரம்தான் இல்லை."

"நீ ஒருத்தியே போதாதா ஆதாரத்துக்கு?"

"நான் ஒரு ஆளுங்க. அறுபது பேர் வேணும்."

அவர் போனை எடுத்து அணைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் அவளுக்காகச் செய்த பெரிய காரியங்களில் அது ஒன்று.

கடைசி நாள் மூடுகிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் தீசிஸ் போய்ச் சேர்ந்தது.

நாலு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர். தீசிஸைப் படித்துவிட்டே வந்திருந்தார். அதுவே கவுன்சிலரம்மாவுக்கு அதிர்ச்சி.

"முதல் கேள்வி," என்றார். "நீங்க ஏன் இந்த டெஸ்டை..."

துறை அலுவலகத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. தேர்வாளர் நிறுத்தினார். போன் நின்றது.

"எங்க விட்டேன்? ஆங், நீங்க ஏன் இந்த..."

அடித்தது. பேராசிரியை கதவைப் பார்த்தார். பெரும்புள்ளி கூரையைப் பார்த்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.

"என்ன கேட்டேன்?"

"ஏன் இந்த டெஸ்டுன்னு, சார்," என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். தன்னைத் தூக்கில் போடுகிறவருக்குக் கயிறு எடுத்துக் கொடுப்பது போலிருந்தது.

"ஏன்?"

"அமைதியான ரூமுக்கு முப்பது பேர், சத்தமான ரூமுக்கு வேற முப்பது பேர் சார். தனித்தனி ஆளுங்க. ஒருத்தரோட ஒருத்தருக்குச் சம்பந்தம் இல்லை. அதுவுமில்லாம ரெண்டு பேர் வாலு மாதிரி தனியா நின்னாங்க. அதனால ரேங்க் டெஸ்ட்."

"அருமை. முதல்ல வேற டெஸ்ட் போட்டீங்களா?"

"போட்டேன் சார். ஜோடி டெஸ்ட். தெரியாத்தனமா."

தேர்வாளர் சிரித்தார். பேராசிரியை சிரித்தார். பெரும்புள்ளி வயிறு குலுங்கச் சிரித்தார். கவுன்சிலரம்மாவும் எல்லோரோடும் சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரித்தாள். போனும் அடித்தது.

"நாம எல்லாரும் போன் சத்தம் பெரிய தொந்தரவுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்," என்று தேர்வாளர் காதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி முடித்தார். "அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லன்னு இவங்க தைரியமா எழுதியிருக்காங்க. இனிமே உங்களை டாக்டர்னு கூப்பிடலாம்!"

கைதட்டினார்கள். டாக்டர் கவுன்சிலரம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடத் தூக்கம்தான் அதிகமாக வந்தது.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பூச்செண்டு கொடுத்தார். தீசிஸின் ஒரு பிரதியை வாங்கி நேரே கடைசிப் பக்கத்தைப் படித்தார். அதன் பிறகு அறை மாற்றும் பேச்சை அவள் எடுக்கவில்லை, அவரே எடுத்தார்.

"பார்த்தீங்களா டாக்டர்? நான் அப்பவே சொன்னேன். உங்க ஆராய்ச்சியே சொல்லுது, தொந்தரவு இல்லன்னு."

"தொந்தரவு இல்லன்னு சொல்லல சார். இருக்கறதுக்கு ஆதாரம் கிடைக்கலன்னு..."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு இரண்டாவது போன் வந்தது. பலகைச் சுவருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்ததால் அங்கேயே வைத்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் குழந்தை வாயைத் திறந்தது. ஒரு போன் அடித்தது. ஓய்ந்ததும் திறந்தது, மற்றது அடித்தது. குழந்தை அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "நீங்க எப்படி மிஸ் இங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டது. கவுன்சிலரம்மா அதைக் கூட்டிக்கொண்டு போய் விளையாட்டு மைதானத்து ஓரம், வெயிலில் நின்றபடியே மீதிக் கதையைக் கேட்டாள். அன்றிலிருந்து அவள் அறை மைதானத்து ஓரம்தான். முழங்காலுக்கு மட்டும் சம்மதமில்லை.

பட்டச் சான்றிதழ் வாங்கப் பல்கலைக்கழகம் போன நாளில், கையில் ஒரு பையோடு துறைக்கும் போனாள். பையில் ஒரு நல்ல பிளாஸ்க். அட்டெண்டர் அண்ணன் அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

அவர் வராண்டாவில் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்தார்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"இருக்கட்டும் அண்ணே. எல்லாரும் ஒவ்வொரு டெஸ்ட் சொன்னாங்க. ஆளைக் கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க இல்லன்னா எனக்குப் பட்டமே இல்லை."

"நான் என்னம்மா பண்ணேன்?"

"என்ன பண்ணீங்களா? முதல் மாசம் முப்பது பேரைக் கூட்டிட்டு வந்தீங்க. அடுத்த மாசம் லீவு விட்டு இந்தக் கட்டடமே காலியாக் கிடந்துச்சு. அப்பவும் முகம் சுளிக்காம எனக்கு முப்பது பேரைக் கொண்டுவந்து உட்கார வச்சீங்களே! எங்க போய்ப் பிடிச்சீங்க அவ்வளவு பேரையும்?"

அட்டெண்டர் அண்ணனுக்கு வெட்கமாகிவிட்டது. சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கிவிட்டு, யாரும் கேட்கவில்லையே என்று அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க பாட்டுக்கு 'இதே மாதிரி இன்னும் முப்பது பேர் வேணும்'னு சொல்லிட்டீங்க. மாதிரிக்கு நான் எங்கம்மா போவேன்? அதே முப்பது பேரையே மறுபடி கூட்டிட்டு வந்துட்டேன். உங்க கணக்கு கெட்டுடக்கூடாதேன்னு, வரிசைகூட மாத்தல!"